நம் ஊர் ஈயக்குட்டைக்கு ஏற்ற பாய்மரப் படகு: 65 சென்டிமீட்டரை ஏன் தேர்ந்தெடுத்தேன்

ரேடியோவால் இயக்கும் சிறிய பாய்மரப் படகு ஒன்றைக் கட்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், பெரும்பாலோர் முதலில் படங்களைத்தான் தேடுகிறார்கள். எந்தப் படகு அழகாக இருக்கிறது, எது வேகமாகப் போகிறது, எதன் விலை கைக்கு அடங்கும் என்று பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் அதை எங்கே விடுவது என்று இடம் தேடுகிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் வீட்டிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய தண்ணீர் எப்படிப்பட்டது, அதன் மேல் எந்த நேரத்தில் எவ்வளவு காற்று வீசுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், படகின் அளவும் எடையும் ஏறத்தாழத் தாமாகவே முடிவாகிவிடும்.

நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். அவற்றை ஒட்டி, ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய கப்பல்கள் விட்டுச்சென்ற குட்டைகள். குட்டை என்று பெயரே தவிர, பல குட்டைகள் ஏரி அளவுக்கு விரிந்து கிடக்கின்றன. படகு விடுபவருக்கு இந்த ஈயக்குட்டைகள் சில வசதிகளையும் சில ஆபத்துகளையும் சேர்த்தே தருகின்றன. கரையிலிருந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் தரை செங்குத்தாக இறங்கிவிடுவதால், படகின் அடியிலிருந்து தண்ணீருக்குள் நீட்டி நிற்கும் அடித்தகடு ஆழமாக உள்ள படகையும் கரையோரத்திலேயே மிதக்கவிடலாம். அதே காரணத்தால், படகு நடுவில் நின்றுவிட்டால் இறங்கிப் போய் எடுத்துவரலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. கரை மணலும் களிமண்ணுமாக இருப்பதால் ஈரத்தில் வழுக்கும். படகுத்துறை எதுவும் கிடையாது. சில குட்டைகளில் இன்னமும் மணல் எடுக்கிறார்கள், அங்கே போகக் கூடாது. சிலவற்றை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. ஒரு பக்கம் திறந்த கரையும் நடுவில் தெளிந்த நீரும் உள்ள ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் நான் படகைப் பற்றியே யோசித்தேன்.

காற்றைப் பற்றி நம் ஊரில் பொதுவாக ஒரு சலிப்பு உண்டு. இங்கே காற்றே கிடையாது, பாய்மரம் எல்லாம் கிழக்குக் கரையில் திரெங்கானு பக்கத்துக்குத்தான் சரி என்பார்கள். வடகிழக்குப் பருவக்காற்றின் முழு வேகத்தைத் தித்திவாங்சா மலைத்தொடர் தடுத்துவிடுவது உண்மைதான். ஆனால் நாளின் போக்கைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். விடியற்காலையில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று மெல்லக் கிளம்பும். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் கடற்காற்று கோலசிலாங்கூர் வழியாக உள்ளே நகர்ந்து, பிற்பகலில் குட்டையின் மேற்பரப்பில் சிற்றலைகளை எழுப்பும். அதன் பின்னாலேயே, பல நாட்களில், இடியோடு மழையும் வரும். தென்மேற்குப் பருவத்தில் நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா புயல்காற்று அதிகாலையிலேயே மரங்களைச் சாய்த்துவிட்டுப் போவதுண்டு. அந்த நேரத்தில் எந்தப் படகும் தண்ணீரில் இருக்கக் கூடாது. ஆக, நமக்கு நம்பிக்கையாகக் கிடைப்பது காலை பத்து மணிக்கு மேல் மழைமேகம் திரளும் வரை வீசும் மெல்லிய காற்றுதான். அந்தக் காற்றில் நன்றாக ஓடும் படகே நமக்கு வேண்டும்.

இந்தக் கணக்கை என் அக்கா மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் கேட்ட கேள்வி நியாயமானது. “மாமா, பெரிய படகுதானே வேகமா போகும்? அப்புறம் ஏன் சின்னதா கட்டணும்?” அவன் சொன்னது சரி. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்கிறது. அந்த அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்தை எட்டும்போது, அதற்கு மேல் வேகம் கூட்டுவது மிகவும் கடினமாகிவிடும். மீட்டரில் சொன்ன நீளத்தின் வர்க்கமூலத்தை 1.25 ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற அந்த எல்லை வேகம் தோராயமாகக் கிடைக்கும். 1 மீட்டர் படகுக்கு அது மணிக்கு 4.5 கிலோமீட்டர், 65 செ.மீ. படகுக்கு 3.6 கிலோமீட்டர், 30 செ.மீ. படகுக்கு 2.5 கிலோமீட்டர். 1 மீட்டரை விட்டு 65 செ.மீ.க்கு வந்தால், நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தும், வேகத்தில் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாகத்தான் இழக்கிறோம். அதே நேரத்தில் எடை நான்கு கிலோவிலிருந்து ஒரு கிலோவாக இறங்குகிறது. எனக்கு இந்தப் பேரம் மிகவும் பிடித்திருந்தது.

இதைவிட முக்கியமான இன்னொரு கணக்கு இருக்கிறது. பாய்மர மாதிரிகளில் இறங்க நினைக்கும் எவரும் அதைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஆள் ஏறிப் போகும் 6.5 மீட்டர் படகை எல்லாப் பக்கத்திலும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாயின் பரப்பு நூறில் ஒரு பங்காகும். ஆகவே அதே காற்றில் பாயைத் தள்ளும் விசையும் நூறில் ஒரு பங்கு. அந்த விசை செயல்படும் உயரம் பத்தில் ஒரு பங்கு. எனவே படகைக் கவிழ்க்கும் திருப்பம், அதாவது விசையை அந்த உயரத்தால் பெருக்கியது, ஆயிரத்தில் ஒரு பங்கு. படகின் எடையோ கன அளவைப் பின்பற்றுவதால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அந்த எடை படகை நிமிர்த்தும் நெம்புகோலின் நீளமும் பத்தில் ஒரு பங்கு. எனவே நிமிர்த்தும் திருப்பம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதாவது, சுருக்கிய படகு அதே காற்றில் பத்து மடங்கு எளிதாகச் சாய்ந்துவிடும். படகைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாது. அலங்காரத்துக்காகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் மாதிரிப் படகைத் தண்ணீரில் விட்டால் அது ஏன் படுத்துவிடுகிறது என்பதற்கும், ஓடுவதற்கென்றே வடிவமைத்த படகுகளில் வயிற்றிலிருந்து நீளமான தகடு இறங்கி அதன் நுனியில் காரீயக் குண்டு தொங்குவது ஏன் என்பதற்கும் இதுதான் காரணம்.

அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நம் ஊர்க் காற்றின் மதிப்பு தெரியும். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் மென்காற்று, நம் 65 செ.மீ. படகுக்கு, அந்த 6.5 மீட்டர் படகின் மேல் மணிக்கு 28 கிலோமீட்டருக்கு மேல் வீசும் காற்றுக்குச் சமம். சட்டைக் காலரை மட்டும் அசைக்கும் காற்றே இந்தச் சிறிய படகைச் சரித்து, விறைப்பாக ஓடவைக்கப் போதுமானது. காற்றே இல்லை என்று சலித்துக்கொள்ளும் ஊர்களுக்குச் சிறிய, எடை குறைந்த படகைப் போல் பொருத்தமானது வேறில்லை.

இந்த அளவுகோலோடுதான் நான் உலகில் வழக்கத்தில் உள்ள வகைகளைப் பார்த்தேன். மிகச் சிறியது ஃபூட்டி. 12 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள ஒரு பெட்டிக்குள் படகின் உடல் அடங்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை விதி. பள்ளி மாணவர்கள் ஒரு விடுமுறைக்குள் கட்டிவிடலாம், பைக்குள் வைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கின்படி இது மிகவும் சாயும். பின்காற்றில் மூக்கு தண்ணீருக்குள் புதையும். ஐம்பது மீட்டர் தள்ளிப் போனால் பாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக் குளத்துக்கு ஏற்றது, விரிந்த ஈயக்குட்டைக்கு ஏற்றதல்ல.

மறுமுனையில் ஐ.ஓ.எம். எனப்படும் சர்வதேச ஒரு மீட்டர் வகை. 1988இல் உருவான இந்த விதிப்படி, உடல் அதிகபட்சம் 1000 மி.மீ., ஆழம் அதிகபட்சம் 420 மி.மீ., எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. காற்றுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள ஏ, பி, சி என்று மூன்று அளவுப் பாய்த் தொகுதிகள். உடலில் கார்பன் இழைக்குத் தடை இருப்பதால், மரத்தில் பொறுமையாகக் கட்டியவரும் கண்ணாடி இழைப் படகோடு போட்டியிட முடியும். அந்த விதியை எழுதியவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஓடும்போது பார்த்தால் அதன் கம்பீரம் தனிதான். ஆனால் நான்கு கிலோ படகை, ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயர்ந்த பாய்மரத்தோடு, வழுக்கும் மணற்கரையில் தனியாக ஏந்திக்கொண்டு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். காரும் படகுத்துறையும் உதவிக்கு ஒருவரும் இருந்தால் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

இவற்றுக்கெல்லாம் மூத்ததான மார்பிள்ஹெட் வகையையும் விட்டுவிட மனமில்லை. 1930இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மார்பிள்ஹெட் என்ற ஊரில் பிறந்தது. 50 அங்குல நீளம், 800 சதுர அங்குலப் பாய் என்ற இரண்டே எண்களில் அதன் விதியின் சாரம் அடங்கிவிடும். அழகான வடிவங்கள் அதில் ஏராளம். ஆனால் அது முதல் படகாகக் கட்டுவதற்குரியது அல்ல.

இடையில் இருப்பதுதான் ஆர்.ஜி. 65. அர்ஜென்டினாவில் தோன்றி உலகம் முழுதும் பரவிய வகை. நீளம் 65 செ.மீ.; பாயின் மொத்தப் பரப்பு 2250 சதுர செ.மீ.க்கு மிகாமல், மேல்தட்டிலிருந்து பாய்மரத்தின் உயரம் 110 செ.மீ.க்கு மிகாமல். எடைக்குக் கீழ்வரம்பு கிடையாது, இன்ன பொருளால்தான் கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இதே அளவில் ஜாய்ஸ்வே நிறுவனத்தின் டிராகன்ஃபோர்ஸ் 65 என்ற ஆயத்தப் படகும் கிடைக்கிறது. பிளாஸ்டிக் உடல், பெட்டியிலிருந்து எடுத்து ஓரிரு மாலைகளில் பூட்டி முடித்துவிடலாம். எல்லோரும் ஒரே படகை ஓட்டுவதால் வெற்றி தோல்வி முழுக்க ஓட்டுபவரின் கையில்தான். அதன் அண்ணன் டிராகன் ஃப்ளைட் 95, பெயரே சொல்வதுபோல் 95 செ.மீ. உங்கள் ஊரில் நான்கு பேர் ஏற்கெனவே இவற்றில் ஒன்றை வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதையே வாங்கிச் சேர்ந்துகொள்ளுங்கள். கூட்டாக ஓட்டுவதில் கிடைக்கும் தேர்ச்சி தனியாக ஓட்டுவதில் வராது. எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை. மேலும் எனக்குக் கட்டுவதே பாதி மகிழ்ச்சி. எனவே ஆர்.ஜி. 65 விதிக்குள் மரத்தில் ஒரு படகு என்று முடிவு செய்தேன்.

கொண்டுபோகும் வசதியும் இந்த முடிவில் பங்கு வகித்தது. என்னிடம் இருப்பது கப்சாய் என்ற சிறிய மோட்டார் சைக்கிள். படகின் உடலை முதுகுப்பையில் வைத்துவிடலாம். பாய்மரமும் பாய்களும் கழற்றாமல் ஒரே தொகுதியாகப் பிரிந்து வருமாதலால் அகலமான பி.வி.சி. குழாய்க்குள் சுருட்டி நுழைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். தோட்டச் சாலையில் செம்பனை லோரிகளுக்கு ஒதுங்கிப் போகும்போது இது எவ்வளவு நிம்மதி என்பது அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும்.

இனி மரம். மாதிரிக் கலைஞர்கள் எல்லோரும் மிக இலேசான பல்சா மரத்தைத்தான் சொல்வார்கள். இங்கே அது கோலாலம்பூர்க் கடைகளிலோ இணையத்திலோதான் கிடைக்கும். நம் காட்டு மரமான ஜெலுத்தோங் நேரான இழையுடையது, கத்திக்கு மென்மையாக இடம்கொடுக்கும், தச்சுப் பட்டறைகளில் துண்டுகளாகவே கிடைப்பதுண்டு. அதையே முழுதும் பயன்படுத்தினால் என்ன என்று கணக்குப் பார்த்தேன். என் வரைபடத்தில் உடலின் வெளிப்பரப்பு சுமார் 0.12 சதுர மீட்டர். 2 மி.மீ. கனத்தில் பல்சா என்றால் ஏறத்தாழ 40 கிராம். ஜெலுத்தோங் என்றால் 110 கிராம். ஒரு கிலோ படகில் 70 கிராம் என்பது சிறிய விஷயமல்ல; அந்த 70 கிராமை அப்படியே காரீயக் குண்டுக்குக் கொடுத்தால் படகு அவ்வளவு விறைப்பாக நிற்கும். எனவே தோலுக்குப் பல்சா. மூக்குக் கட்டை, பாய்மரம் ஊன்றும் இடம், அடித்தகடு நுழையும் பெட்டியின் பக்கங்கள் ஆகிய பலம் வேண்டிய இடங்களுக்கு ஜெலுத்தோங் என்று பிரித்துக்கொண்டேன்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்.ஜி. 65 வரைபடங்கள் ஏராளம். அச்சடிக்கும் கடையில் கொடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கும் வசதியை நிறுத்தச் சொல்லி, வரைபடத்தில் உள்ள அளவுக்கோட்டை உலோக அளவுகோலால் சரிபார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். இரண்டு சதவீதம் சுருங்கினாலே நீளத்தில் 13 மி.மீ. போய்விடும்.

கட்டும் முறை இதுதான். குறுக்குச் சட்டங்களை ஒட்டுப்பலகையில் வெட்டி, வளையாத நேரான பலகை ஒன்றின் மேல் தலைகீழாக வரிசையாக நிறுத்துகிறோம். ஐந்து அல்லது ஆறு மி.மீ. அகலப் பல்சாப் பட்டைகளை மேல்தட்டின் விளிம்பிலிருந்து தொடங்கி அடிப்பக்கம் நோக்கி ஒட்டிக்கொண்டு போகிறோம். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கத்தில் நான்கைந்து பட்டைகளை ஒட்டிவிட்டு மறுபக்கம் திரும்பினால் உடல் முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்தச் சுக்கானாலும் அதை நேராக ஓட்ட முடியாது. மூக்குப் பக்கத்து வளைவுக்குப் பட்டையின் வெளிப்புறத்தை வெந்நீரில் நனைத்து விரலால் மெல்ல இழுத்து வளைத்தால் மரம் உடையாமல் படியும். நனைந்த மரம் காய்ந்த பிறகே பசை போட வேண்டும். நம் காற்றின் ஈரப்பதத்தில் அதற்கு ஓர் இரவு கொடுத்துவிடுவது நல்லது.

கடினப்படுத்தியோடு கலந்தால் இறுகும் பிசினான எப்பாக்சியைப் பூசுவதில் நம் தட்பவெப்பம் தனிக் கவனம் கேட்கிறது. குளிர்நாட்டவர் எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் 30 டிகிரி வெப்பத்தில் கலவை கோப்பையிலேயே சூடாகி இறுகிவிடும். மெதுவாக இறுகும் கடினப்படுத்தியை வாங்குங்கள்; சிறு சிறு அளவாகக் கலந்து, ஆழமான கோப்பையில் வைக்காமல் தட்டையான தட்டில் பரப்பிவையுங்கள். அடுத்தது நேரம். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறி, பூச்சு முழுதும் குமிழி குமிழியாகக் கிளம்பும். வெப்பம் இறங்கத் தொடங்கும் மாலையில் பூசினால், காற்று சுருங்குவதால் எப்பாக்சியும் மரத்துக்குள் இழுக்கப்படும். மூன்றாவது, ஈரமான காற்றில் இறுகிய எப்பாக்சியின் மேல் பிசுபிசுப்பான மெழுகுப் படலம் ஒன்று படியக்கூடும். உப்புத்தாள் போடுவதற்கு முன் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு அதைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பூச்சோ சாயமோ சரியாகப் பிடிக்காது. வெளிப்பக்கம் சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள மெல்லிய கண்ணாடி இழைத்துணி ஓர் அடுக்கு போதும்.

காரீயக் குண்டு என்பது படகின் உயிர்நாடி. மொத்தம் ஒரு கிலோ படகில் ஏறத்தாழப் பாதி, அதாவது 500 கிராம், அங்கேதான் இருக்க வேண்டும். காரீயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.34 கிராம் என்பதால் அந்த 500 கிராம் வெறும் 44 கன செ.மீ. இடத்தில் அடங்கிவிடும், கோழிமுட்டையைவிடச் சற்றுச் சிறியது. எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, “தம்பி, உருக்குறது பெரிய வேலை இல்ல. அச்சுல ஒரு சொட்டு ஈரம் இருந்தாப் போதும், அத்தனையும் மேல தெறிக்கும்” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. காரீயம் உருகுவது 327 டிகிரியில். ஈரம் அந்த நொடியிலேயே ஆவியாகி உலோகத்தை வீசியெறியும். ஆவியும் தூசியும் உடலுக்குக் கேடு, பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். வீட்டு அடுப்பில் இதைச் செய்யவே கூடாது. தூண்டில் கடையில் கிடைக்கும் சிறு காரீய மணிகளை எப்பாக்சியில் குழைத்து இரண்டு பாதி அச்சுகளில் அழுத்தினால், குண்டு சற்றுப் பருமனாகும், தண்ணீரில் இழுவை கொஞ்சம் கூடும்; ஆனாலும் வீட்டில் செய்யக்கூடிய பாதுகாப்பான வழி அதுதான். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அடித்தகட்டை நேர் செங்குத்தாக வைக்காமல் கீழ்நுனி பின்னோக்கிச் சாயுமாறு வைக்கிறேன். போட்டிப் படகுகளில் செங்குத்துத் தகடுதான் வழக்கம். ஆனால் நம் குட்டைகளில் அறுந்து மிதக்கும் பாசியும் ஆகாயத்தாமரை வேரும் செங்குத்துத் தகட்டில் மாட்டினால் அங்கேயே நின்றுவிடும். பின்சாய்வு இருந்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். குண்டைத் தகட்டுக்குச் சற்று முன்னால் தள்ளி வைத்து எடைச் சமநிலையைச் சரிசெய்துகொள்ளலாம்.

மின்பகுதியில் எழுதுவதற்கு அதிகம் இல்லை. சுக்கானுக்கு, ரேடியோவின் கட்டளைப்படி திரும்பும் சிறு மோட்டாரான 9 கிராம் மைக்ரோ சர்வோ. பாய்களுக்கு உலோகப் பல்சக்கரம் உள்ள சாதாரண அளவுச் சர்வோ, அதன் மேல் நீளமான கை. கயிற்றைச் சுற்றும் வின்ச் இந்த அளவுப் படகுக்குத் தேவையில்லை. நான்கு டபுள் ஏ ரீசார்ஜ் பேட்டரிகள். இப்போது ஏறத்தாழ எல்லா ரேடியோக்களும் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அந்த அலை தண்ணீரில் மிக விரைவாக அடங்கிவிடும் என்பதால் ரிசீவரின் ஆண்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே, மேல்தட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். கார்பன் இழை உடல் இந்த அலையைத் தடுக்கும், மரம் தடுக்காது. மரத்தில் கட்டுவதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

பாய்தான் எஞ்சின். ஆனால் புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் உடலை மெருகேற்றுவதிலேயே பொழுதைச் செலவழித்துவிட்டுப் பாயை அவசரமாக வெட்டி மாட்டிவிடுகிறார்கள். 50 மைக்ரான் பாலியெஸ்டர் தாள் இந்த அளவுக்கு மிகப் பொருத்தம். பட்டத்துணியான ரிப்ஸ்டாப் நைலான் நனைந்தால் தளர்ந்து வடிவம் மாறும். பெரிய பாயைவிட முன்பாய் நுணுக்கமானது. அதன் அடியில் உள்ள கோலை, அதாவது முன்பாயின் பூமை, முன்னுனியில் கட்டக் கூடாது. நுனியிலிருந்து அதன் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி, ஒரே புள்ளியில், சுழலக்கூடிய கொக்கியால் மேல்தட்டோடு பிணைக்க வேண்டும். அப்படிப் பிணைத்தால், பாய்மரத்திலிருந்து பூமின் முன்னுனிக்கு இறங்கும் முன்கயிற்றின் இழுவை அந்த முன்னுனியை மேலே தூக்க, பின்னுனி கீழே அமர்ந்து, பாயின் பின்விளிம்பு அளவாக இறுகி நிற்கும். கொக்கியை இரண்டு மி.மீ. முன்னே நகர்த்தினால் பின்விளிம்பு தளர்ந்து பாயின் மேற்பகுதி காற்றை வெளியே விடும். பின்னே நகர்த்தினால் இறுகும். மெல்லிய காற்றில் பாய் அதிகம் இறுகியிருந்தால் படகு நகரவே நகராது. பின்விளிம்பின் நடுப்பகுதி ஒரு விரல் அகலம் வெளியே திறந்திருக்குமாறு வைத்தால் அதே காற்றில் ஓடத் தொடங்கும். பூமில் ஒரு துளைக்குப் பதிலாக நெருக்கமாக ஐந்தாறு துளைகள் போட்டுவைப்பது இதற்காகத்தான்.

குட்டையில் நிற்கும் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வளர்ந்த செம்பனை வரிசை காற்றை மறைக்கும் தூரம் அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு வரை நீளும்; பத்து மீட்டர் மரத்துக்குப் பின்னால் நூறு மீட்டர் வரை காற்று துண்டு துண்டாகத்தான் வரும். எனவே மரவரிசை இல்லாத பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரும் நாளாகப் பார்க்க வேண்டும். அதோடு, பேட்டரி தீர்ந்தாலோ கயிறு அறுந்தாலோ படகு காற்றடிக்கும் திசையில்தான் மிதந்துபோகும்; அந்த எதிர்க்கரை நடந்து சேரக்கூடிய கரையாக இருக்க வேண்டும். நடுவில் பாசியில் சிக்கினால், தூண்டில் கோலில் டென்னிஸ் பந்து ஒன்றைக் கட்டிப் படகுக்கு அப்பால் எறிந்து, நூலைப் பாய்மரத்தில் மாட்டி மெல்ல இழுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் படகு அங்கேயே கிடக்கட்டும். படகுக்காக எவரும் ஈயக்குட்டையில் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தவரும் கூடாது. பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இடி முழக்கம் காதில் விழுந்த உடனே படகைக் கரைக்குத் திருப்பிவிட வேண்டும். திறந்த கரையில் ஆள் நின்றுகொண்டிருப்பதே ஆபத்து.

ஆளில்லாமல் ஓடும் பாய்மரப் படகு இந்த வட்டாரத்துக்குப் புதியதல்ல என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். ரியாவ் தீவுகளில், குறிப்பாகப் பிந்தானில், ஜோங் என்ற மரப்படகை மீனவர்கள் தாங்களே செதுக்கி, ஒரு பக்கம் மிதவைக் கட்டை பூட்டி, கரையிலிருந்து காற்றில் விட்டுப் பந்தயம் நடத்துகிறார்கள். ரேடியோ கிடையாது, பாயையும் மிதவையையும் விடுவதற்கு முன்பே சரியாக அமைத்துவிட வேண்டும், விட்ட பிறகு எதையும் மாற்ற முடியாது. பாயின் அமைப்பைப் பற்றி நான் மேலே எழுதியதை அவர்கள் ஆளுயரப் பாயில் வெறும் கைப்பழக்கத்தால் செய்கிறார்கள்.

இப்போது என் படகின் உடல் பட்டை ஒட்டி முடிந்து, சட்டப் பலகையிலிருந்து கழற்றப்பட்டு, முதல் எப்பாக்சிப் பூச்சோடு இருக்கிறது. நீளத்தை 65 செ.மீ.க்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் கூட்டாமல், பாய்ப் பரப்பை 2250 சதுர செ.மீ.க்குள் நிறுத்துவதில் பிடிவாதமாக இருக்கிறேன். தனியாக ஓட்டும் வரை இந்த எண்களை யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் ஈஜோக்கிலோ பத்து ஆராங்கிலோ கோலசிலாங்கூரிலோ இன்னொருவர் இதே விதிக்குள் ஒன்றைக் கட்டினால், அவர் படகு மரமாக இருந்தாலும் பிளாஸ்டிக்காக இருந்தாலும், அன்றைக்கே இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பந்தயம் விடலாம். குறுக்குச் சட்டங்களை வெட்டிய ஒட்டுப்பலகை அச்சுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கட்ட விரும்புபவர் கேட்டால் அவற்றை வைத்து அப்படியே வெட்டிக்கொள்ளலாம்.